ஜானி வில்லியம்ஸ் இறந்த நாள் குறித்து

வணக்கம் ஐயா. வேல்ஸ் ரக்பி வீரர் ஜானி வில்லியம்ஸ் 1916 ஜூலை 7 அன்று இறந்தாரா, 12 அன்று இறந்தாரா என்று கேட்டிருந்தீர்கள். கட்டுரையில் ஜூலை 12 என்றே எழுதுங்கள்.

கார்டிஃப் நகரப் பட்டாளம் எனப்பட்ட வெல்ஷ் ரெஜிமென்ட்டின் 16ஆவது பட்டாளத்தில் கேப்டனாக இருந்த அவர், முதல் உலகப் போரின்போது, ஜூலை 7 அன்று பிரான்சில் உள்ள சோம் போர்க்களத்தின் மாமெட்ஸ் காட்டை நோக்கி, எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு முன்னே திறந்த வெளியில் நடந்த தாக்குதலில் படுகாயமுற்று, ஐந்து நாள் கழித்து உயிர்நீத்தார். அவருடைய கல்லறை பிரான்சின் கோர்பி என்ற ஊரில் உள்ளது.

குழப்பத்துக்குக் காரணம் டிக் தாமஸ் என்று கருதுகிறேன். காவல்துறையில் பணியாற்றிய அவரும் வேல்ஸ் அணி வீரர்; அதே பட்டாளத்தில் சார்ஜென்ட் மேஜர்; அதே ஜூலை 7 அன்றே களத்தில் மாண்டார். உடல் அடையாளம் காணப்படாததால் அவர் பெயர், சோம் களத்தில் காணாமற்போன வீரர்களுக்கான தியெப்வால் நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளது.

இருவரும் நாட்டுக்காக முதன்முதலில் ஆடியது ஒரே ஆட்டத்தில்தான் என்பது என் மனத்தை விட்டு அகலாத செய்தி: 1906 டிசம்பரில் ஸ்வான்சியில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக. பக்கவாட்டில் மின்னலெனப் பாயும் வில்லியம்ஸ் 17 ஆட்டங்களில் 17 டிரைகள் (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி பெறுவது) எடுத்தவர். 1911இல் பிரான்சுக்கு எதிராகத் தலைமையும் ஏற்றவர். கட்டுரையில் தாமஸுக்கும் ஒரு பத்தி ஒதுக்குமாறு வேண்டுகிறேன்.