சிப்பிப்பாறை நாய்க்குட்டி கயிற்றை இழுக்காமல் நடக்க எப்படிப் பழக்குவது?

நாலு மாசக் குட்டி, பாளையங்கோட்டைத் தெருவில் இறங்கினாலே இழுத்துக்கொண்டு ஓடுகிறது என்கிறீர்கள். சிப்பிப்பாறை கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை இனம். கோழி ஓடினால் பாயத்தான் செய்யும். அதற்காக அடித்துவிடாதீர்கள், பாவம்.

கயிறு விறைத்த உடனே நின்றுவிடுங்கள். திட்டவும் வேண்டாம், பதிலுக்கு இழுக்கவும் வேண்டாம். அது திரும்பிப் பார்த்து, கயிறு தொய்ந்ததும் உங்கள் கால் பக்கத்திலேயே அவித்த கோழிக்கறி ஒரு துணுக்கு கொடுத்துவிட்டு மறுபடி நடங்கள். வீட்டில் யார் கூட்டிப்போனாலும் இதே முறைதான். ஒருவர் விட்டுக்கொடுத்தாலும் பழக்கம் கெட்டுவிடும். முதலில் முற்றத்தில் ஐந்து நிமிடம் போதும். தடுப்பூசிகள் முடிந்தபின் தெரு.

இந்த இனத்துக்குத் தலை ஒடுக்கம், கழுத்துப்பட்டையை எளிதாக உருவிக்கொள்ளும். மார்புப்பட்டை வாங்குங்கள். நம்மூர் வெயிலில் தார்ச்சாலை பாதத்தைப் பொசுக்கிவிடும். புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் வெயில் தாழ்ந்த பிறகு கூட்டிப்போங்கள்.