இரண்டாவது குழந்தைக்காவது தாய்ப்பால் கொடுக்க முடியுமா?

கேள்வி: முதல் பிரசவம் சிசேரியன். மூன்று நாளாகியும் பால் வரவில்லை என்று பவுடர் பால் கொடுத்தார்கள். காம்பு வெடித்து ரத்தம் வந்தது. இரண்டே மாதத்தில் தாய்ப்பால் நின்றுபோனது. இப்போது எட்டாம் மாதம். இந்த முறையாவது கொடுக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், உங்களுக்குப் பால் இல்லாமல் போனதாகத் தெரியவில்லை. அது வருவதற்குள் வேறு பால் வந்துவிட்டது.

பிரசவமாகி 2 முதல் 4 நாளில்தான் மார்பில் பால் கட்டும். சிசேரியனில் இன்னும் சற்றுத் தள்ளிப்போகலாம். அதுவரை சுரப்பது சீம்பால். முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன்கூட இருக்காது, ஆனால் பச்சிளங்குழந்தையின் வயிற்றுக்கு அதுவே போதும். அந்த நேரத்தில் 30 மி.லி. பவுடர் பால் கொடுத்தால் குழந்தை மணிக்கணக்கில் தூங்கிவிடும், மார்பில் சப்பாது. சப்பச் சப்பத்தான் சுரக்கும் என்பதால், பாலும் குறைந்துகொண்டே போகும்.

இப்போதே மருத்துவரிடம் சில விஷயங்களைச் சொல்லிவையுங்கள். தைராய்டு, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை), ரத்தசோகை, முந்தைய பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, மார்பில் அறுவை சிகிச்சை ஆகியவை சுரப்பைக் குறைக்கக்கூடும். காம்பு தட்டையாகவோ உள்வாங்கியோ இருந்தால் அதையும் காட்டுங்கள். மறுபடி சிசேரியன் என்றாலும், இருவரும் நலமாக இருந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை வெற்று மார்பில் போடும்படி முன்கூட்டியே கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களிடமும் பேசிவிடுங்கள்: சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை ஆபத்து.

காம்பு வெடிப்பதற்கு முக்கியக் காரணம், குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்வுவதுதான். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். சிசேரியன் தையல் வலித்தால் ஒருக்களித்துப் படுத்தோ, குழந்தையைக் கக்கத்தில் இடுக்கியோ கொடுக்கலாம். காம்பால் மேலுதட்டைத் தொடுங்கள். கொட்டாவி விடுவதுபோல் வாய் நன்றாகத் திறக்கும்வரை பொறுத்திருந்து, குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள், நீங்கள் குனியாதீர்கள். தாடை மார்பில் பதியணும், கீழுதடு வெளியே மடியணும், காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் வாய்க்குக் கீழே தெரிவதைவிட மேலே அதிகம் தெரியணும். முதல் சில நொடிகளுக்குப் பிறகும் வலித்தால் சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டு விடுவித்து மறுபடி கொடுங்கள். குடித்து முடித்ததும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் சரி. லிப்ஸ்டிக் முனைபோலச் சாய்வாக நசுங்கியிருந்தால் சரியாகக் கவ்வவில்லை. கவ்வுதலைத் திருத்தாமல் களிம்பு மட்டும் தடவினால் புண் ஆறாது.

ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை கொடுக்கணும். இரவு வேளையைத் தவிர்க்காதீர்கள்; பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம்.

‘பால் போதுகிறதா’ என்ற பயம் இந்த முறையும் வரும். மார்பு கனமாக இருக்கிறதா என்பதை வைத்து முடிவுசெய்யாதீர்கள், துணியைப் பாருங்கள். 5-ஆம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் 6 தடவையாவது சிறுநீர் போகணும், மலம் மஞ்சளாக மாறியிருக்கணும். முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். சிறுநீர் குறைந்தாலோ, எழுப்பியும் குடிக்காமல் தூங்கினாலோ, மஞ்சள் காமாலை கூடினாலோ, எடை 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்போது கூடுதல் பால் தேவை என்று மருத்துவர் சொன்னால் கொடுத்துத்தான் ஆகணும், குற்றவுணர்வே வேண்டாம். முதலில் நீங்கள் கையால் பீய்ச்சிய பாலைக் கொடுங்கள்: காம்புக்கு 2, 3 செ.மீ. பின்னால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, நெஞ்சுப்பக்கம் அழுத்தி, பிறகு சேர்த்து அழுத்திவிடுங்கள். அது போதாவிட்டால் மட்டும் பவுடர் பால். புட்டி வேண்டாம், பாலாடையில் (சங்குபோன்ற சிறு கிண்ணம்) கொடுங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் மார்பு, பிறகே பாலாடை. எத்தனை மி.லி. கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துவாருங்கள். எடை ஏறத் தொடங்கியதும் மருத்துவரிடம் அதைக் காட்டி, கூடுதல் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம்.