நகரக் கலை ஆணையம் என்றால் என்ன, அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

ஊர்க் கலைஞர்களுக்கு வேலையும் மானியமும் கிடைக்க வழிசெய்யும் நகர அமைப்புதான் கலை ஆணையம். அமெரிக்காவின் சியாட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1973-லிருந்து, நகராட்சி கட்டும் திட்டங்களின் செலவில் 1% கலைக்கு ஒதுக்க வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது, அதனால்தான் ஒரு மின் துணைநிலையத்தின் வேலிக்குள்ளே பழைய சட்டிபானைகளால் செய்த காற்றாடிகளை வைத்தார்கள், எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் இது.

அப்புறம் அங்கே நிகழ்ச்சி டிக்கெட்டின் மேல் 5% வரி. அது நாடக, நடனக் குழுக்களுக்கு மானியமாகத் திரும்புகிறது, திருவிழாக் கடைகளிடம் வாங்கும் தரைவாடகையில் கூத்து வைப்பது மாதிரி. சின்னக் குழுவுக்கு டிக்கெட் காசு அரங்க வாடகைக்கே பத்தாது, அதுதான் காரணம்.

மானியத்தை அதிகாரிகள் தங்களுக்குப் பிடித்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் விண்ணப்பங்களைப் பார்த்துத் தேர்வுசெய்யும் குழுவில் கலைஞர்களும் ஊர்மக்களும் உட்காருகிறார்கள்.