'ஓடிட்டானுங்க' என்று காப்பகம் சொன்னால் அரசின் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேரனுக்கு 13 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவனை அதிகாரிகள் மீட்டு, குழந்தைகள் நலக் குழு மூலமாகப் பக்கத்து மாவட்டக் காப்பகத்தில் சேர்த்தார்கள். 12 நாளைக்கு முன்னால் "சுவரேறிக் குதிச்சு ஓடிட்டானுங்க" என்று போன் வந்தது. ஸ்டேஷனில் ஒரு ரசீது கொடுத்தார்கள். ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட வரச் சொல்லிக் காப்பகத்தில் கூப்பிடுகிறார்கள். ரூ.20,000 கொடுத்தால் பையனைக் கண்டுபிடித்துத் தருவதாக ஒருவர் வீட்டுக்கே வருகிறார். பெற்றவள் உயிரோடு இல்லை. அரசாங்கம் இதற்குப் பதில் சொல்லுமா?
- காங்கேயம் பக்கத்திலிருந்து ஓர் அமுச்சி

பதில்: அம்மா, முதலில் அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். வெற்றுப் பேப்பரானாலும் சரி, எழுதிய பேப்பரானாலும் சரி, உங்களுக்குப் படித்தே காட்டினாலும் சரி. மற்றதெல்லாம் அப்புறம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு தகப்பனார் இப்படித்தான் ஒரு பேப்பரில் கைநாட்டு வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "மேற்படி சிறுவனை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அதில் இருந்தது. எழுத்தெல்லாம் நீல மை. தேதி மட்டும் கறுப்பு மை, அதுவும் பையன் காணாமல் போனதற்கு முந்தின நாள். அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு, பையன் போன அன்று எங்கள் பொறுப்பிலேயே இல்லை என்று காப்பகம் சாதித்தது. அதை உடைக்கவே ஏழு மாதம் ஆனது. ஏழு மாதமும் பையனைத் தேட ஆளில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அரசு பதில் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகள் நலக் குழு சாதாரணக் கமிட்டி அல்ல. 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் அதற்கு உண்டு. அந்தக் குழு உத்தரவு போட்டு ஒப்படைத்த பையன் அவன். சுவரேறிக் குதித்தானா, யாராவது கூட்டிப் போனார்களா என்பதெல்லாம் விசாரணையில் தெரிய வேண்டியது. அந்தச் சட்டத்துக்கு மத்திய அரசு 2016-இல் வகுத்த மாதிரி விதிகள், காரணம் எதுவானாலும், எந்தச் சூழ்நிலையில் போனாலும், இருக்குமிடம் தெரியாத குழந்தை காணாமல் போன குழந்தைதான் என்று சொல்கின்றன. 'ஓடிட்டான்' என்ற ஒரு சொல்லை வைத்து அலுவலகத்துக்கு அலுவலகம் கோப்பை மூடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. ஓடியவன் 13 வயதுக் குழந்தை. ஓடினால் பொறுப்பு கூடத்தானே செய்யும்?

ஸ்டேஷனில் உங்களுக்குக் கொடுத்தது சி.எஸ்.ஆர். ரசீது. மனு வந்தது என்பதற்கு ஒரு நம்பர், அவ்வளவுதான். குழந்தை காணவில்லை என்றால் எப்.ஐ.ஆர். போட வேண்டும், கடத்தலாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே விசாரணையைத் தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதமே சொல்லிவிட்டது. நான்கு மாதத்தில் கிடைக்காவிட்டால் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு வழக்கு போக வேண்டும். 24 மணி நேரம் கழித்து வா, எங்கள் எல்லை இல்லை என்பதெல்லாம் செல்லாது. எந்த ஸ்டேஷனிலும் எப்.ஐ.ஆர். போட்டு உரிய இடத்துக்கு அனுப்பலாம். நகல் இலவசம். மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள்.

அடுத்தது ஆட்சியர். நலக் குழுவின் செயல்பாட்டின் மேல் குறை இருந்தால், குழந்தையோடு தொடர்புள்ள எவரும் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம் என்று சட்டத்தின் 27-ஆம் பிரிவில் இருக்கிறது. தாய் இல்லாவிட்டால் என்ன, அமுச்சி போதும். திங்கள்கிழமை குறைதீர் நாளில் போங்கள். வாசலில் மனு எழுதித் தருகிறவர்களிடம் மட்டும் மாட்டாதீர்கள். முதியோர் உதவித்தொகைக்கு எழுதும் அதே நடையில் "ஆவன செய்யுமாறு" என்று எழுதி, காசையும் வாங்கிக்கொள்வார்கள். கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனால் வக்கீலே எழுதித் தருவார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம். போன் 15100.

மனுவில், அன்றைய இரவின் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்க வேண்டும் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். பழைய பதிவின் மேலேயே புதுசு ஏறிவிடும். 12 நாள் ஏற்கெனவே போய்விட்டது. கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் சேர்க்கை உத்தரவு, வருகைப் பதிவேடு, போலீசுக்குக் காப்பகம் எத்தனை மணிக்குத் தெரிவித்தது என்ற விவரம் மூன்றையும் கேளுங்கள். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்று மேலேயே எழுதினால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும்.

ரூ.20,000 கேட்கிறவர் விஷயம். பையன் எங்கே என்று அவருக்குத் தெரியும் என்றால், அவர் சாட்சி அல்லது குற்றவாளி. தெரியாது என்றால் ஏமாற்றுக்காரர். மூன்றாவது வகை கிடையாது. பனியன் கம்பெனிக்கு அட்வான்ஸ் வாங்கிக் கொடுத்துப் பையனைச் சேர்த்துவிட்ட ஆளுக்கு இவர் வேண்டப்பட்டவரா என்று பாருங்கள். அவர் நம்பரையும், வந்த தேதி நேரத்தையும் எழுதி போலீசில் கொடுங்கள். காசு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

இதில் ஒரே ஒரு விலக்கு இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பையனைச் சேர்த்தது நலக் குழு என்கிறீர்கள். அந்த உத்தரவை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா? நம் பக்கத்தில் பலர், "இலவசமா படிக்க வைக்கிறோம்" என்ற தரகரின் பேச்சை நம்பி டிரஸ்ட் ஹாஸ்டலில் விட்டுவிட்டு, அதையும் 'கவர்மென்ட் ஹோம்' என்றே சொல்கிறார்கள். உத்தரவு இல்லை என்றால், எங்கள் காவலில் இருந்த குழந்தையே இல்லை என்று அதிகாரிகள் கைவிரிப்பார்கள். அப்போதும் விடாதீர்கள். பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளை வைத்திருக்கும் காப்பகத்தைப் பதிவு செய்யாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டு ஆசிரமங்களில் நடந்த கொடுமைகள் பற்றிய வழக்கில்தான், எல்லாக் காப்பகங்களையும் 2017 டிசம்பருக்குள் பதிவு செய்து முடிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே, பதிவில்லாமல் இயங்க ஏன் விட்டீர்கள் என்ற கேள்வியை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் வையுங்கள். பொறுப்பு அப்போதும் அரசிடம்தான் வந்து நிற்கும், வழிதான் வேறு.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது பையனைக் கொண்டுவந்து கோர்ட்டில் நிறுத்த உத்தரவு கேட்கும் மனு. திருப்பூர், ஈரோடு, கோவை, நாமக்கல் என்றால் சென்னை. கரூர் என்றால் மதுரைக் கிளை. காணாமல் போன எல்லா வழக்குக்கும் இந்த மனு பொருந்தாது என்று நீதிபதிகள் சொல்வதுண்டு. அதனால் குழுவின் உத்தரவுப்படி அரசின் பொறுப்பில் இருந்த குழந்தை என்பதை முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள்.

நாளைக் காலை ஸ்டேஷனுக்குப் போகும்போது போட்டோ எடுத்துப் போங்கள். உங்களிடம் இருப்பது பழைய பள்ளிக்கூடப் படம் என்றால், மீட்டு வந்தபோது எடுத்த படம் குழுவின் கோப்பில் இருக்கும், அதைக் கேளுங்கள். பையனின் உடம்பில் உள்ள தழும்பு, மச்சம், கூப்பிடும் பெயர் எல்லாம் எப்.ஐ.ஆரில் ஏறியிருக்கிறதா என்று படிக்கத் தெரிந்த ஒருவரை விட்டு அங்கேயே சரிபார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.