ரப்பர் மர பெஞ்சுல மாவு கொட்டுது, காலும் ஆடுது: பதில்

ப்ரோ, மார்த்தாண்டம் பக்கத்து மில்லுல பச்சையா அறுத்த ரப்பர் பலகைய வாங்கி அப்படியே பெஞ்சு அடிச்சேன்னு சொல்றீங்க, அங்கதான் மாட்டிக்கிட்டீங்க.

மாவு கொட்டுறது வண்டு வேலை. ரப்பர் மரத்துல ஸ்டார்ச் ஜாஸ்தி, வண்டுக்கு அதான் சோறு. பால் வத்துன 25, 30 வருசத்து மரத்த வெட்டுன கையோட போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசல் ஏத்தி சூளையில காயவச்சாத்தான் ஃபர்னிச்சருக்கு ஆகும், இல்லாட்டி விறகுக்குத்தான். இப்ப மேல வார்னிஷ் அடிச்சு மறைக்காதீங்க, உள்ள இருக்குற புழு அதுபாட்டுக்கு தின்னுட்டுதான் இருக்கும். ஓட்டை கொஞ்சம்தான்னா வெளிய வச்சு, கையுறை மாஸ்க் போட்டு, சிரிஞ்சுல மரப்புழு மருந்து ஏத்தி பாலித்தீன் சுத்தி வைங்க. பலகை சல்லடையாட்டம் இருந்தா அடுப்புக்குப் போயிரட்டும், மத்த மரச்சாமான் பக்கத்துல மட்டும் போடாதீங்க.

கால் ஆடுறதுக்கு காரணம் வேற. காலோட தலையில, நார் ஓடுற வாக்குலயே ஸ்க்ரூ ஏத்திருக்கீங்க, அதுல பிடிமானம் இருக்காது. சீட்டுக்கு அடியில சட்டம் குடுத்து, காலோட பக்கவாட்டுல நாருக்கு குறுக்கா ஸ்க்ரூ போடுங்க, முதல்ல சின்ன ட்ரில் ஓட்டை போட்டுட்டுதான், இல்லன்னா பிளந்துரும். கீழ கால்களுக்கு நடுவுல ஒரு குறுக்குச் சட்டம், ஃபெவிகால் வச்சு, ஒரு நாள் முழுக்க அசைக்காதீங்க.

அடுத்த தடவ அயினியோ பலாவோ பழைய வீடு இடிச்ச மரமா கிடைச்சா விடாதீங்க. நம்ம ஊருல ரெண்டு பருவமழையும் அடிக்கும், பச்சப் பலகை காய ஒரு இஞ்சு கனத்துக்கே ஏறக்குறைய ஒரு வருசம் ஆகும், பழைய மரத்துக்கு அந்தத் தொல்லை இல்ல, ஆணிய மட்டும் பாத்து பிடுங்கிட்டு அறுப்பு வாள் வைங்க.