போஸ்டரில் பேயை எங்கே நிறுத்துவது?

அன்புள்ள சார்,

நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து 20 நிமிடம் ஓடுகிற ஒரு பேய்ப் படம் எடுத்து முடித்திருக்கிறோம். ஒரு பழைய வீடு, மாடியில் பூட்டிய அறை. கீழே உட்கார்ந்து ஒரு பையன் பாடத்தைச் சத்தமாகப் படிக்கும்போது அந்த அறைக்குள்ளிருந்து ஒரு குரல் கூடவே படிக்கிறது. அதுதான் கதை. போஸ்டரையும் ஒன்றே முக்கால் நிமிட ட்ரெய்லரையும் இணைத்திருக்கிறேன். போஸ்டரைப் பார்த்த ஒருவர், "இது எல்லாப் பேய்ப் படத்துக்கும் ஒட்டும்" என்று சொல்லிவிட்டார். அப்புறம் நானே நாற்பது ஐம்பது போஸ்டர்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். அதே நீலக்கறுப்பு, அதே விரித்த கூந்தல், அதே வெள்ளை விழி. ட்ரெய்லர்களும் அப்படித்தான், கொஞ்சம் அமைதி, உடனே ஒரு டமார். இவ்வளவு தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது, அது வேறு வெட்கமாக இருக்கிறது. இதெல்லாம் வெறும் சோம்பேறித்தனமா? எங்கள் போஸ்டரை என்ன செய்யலாம்?

ஒரு வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் போஸ்டரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு படிக்கட்டு. மேல் படியில் கூந்தலை விரித்துப்போட்டு ஒரு பெண், விழி வெள்ளை, வாயோரம் ரத்தம். கீழ்ப் படியில் புத்தகத்தோடு நிற்கும் பையன் அவளை அண்ணாந்து பார்க்கிறான். தலைப்பு எழுத்திலிருந்து ரத்தம் சொட்டுகிறது. உழைப்பு தெரிகிறது, கைப்பிடிக் கம்பிகளின் நிழல் சுவரில் சாய்ந்து விழுவது ரொம்பவே நன்றாக வந்திருக்கிறது. ஆனாலும் உங்களிடம் சொன்னவர் சொன்னது சரிதான். காரணம் மட்டும் நீங்கள் நினைப்பது இல்லை.

மற்ற போஸ்டர்கள் மாதிரி இருப்பது குற்றமே இல்லை. நடந்துபோகிறவர் திரும்பிப் பார்க்கிற இரண்டு மூன்று நொடிக்குள் இது என்ன வகைப் படம் என்று சொல்லியாக வேண்டும், அதற்குப் பழகிய அடையாளங்கள் இல்லாமல் முடியாது. அந்த அடையாளங்களில் பலவும் ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்ததால் மட்டும் வந்தவை அல்ல, நம் உடம்பிலிருந்தே வந்தவை. நீலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்கு முதலில் கறுத்துப்போவது சிவப்பு. நீலமும் பச்சையும் அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். 19ஆம் நூற்றாண்டில் புர்கின்யே என்ற செக் விஞ்ஞானி இதைக் கவனித்து எழுதினார், இன்றும் அவர் பெயரில்தான் அதைச் சொல்கிறார்கள். இருட்டுகிற நேரத்தில் ஒரு சிவப்பு ரோஜாச் செடியைப் பார்த்தால் பூ கறுத்து, இலை வெளிறித் தெரியும். ஆக நீலம் என்றால் இரவு என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அந்த நீலத்துக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு மட்டும் பளிச்சென்று நின்றால் அது அங்கே இருக்கக்கூடாத ஒன்றாகப் படுகிறது.

வெள்ளை விழியும் அப்படித்தான். மனிதக் கண்ணில் கருவிழியைச் சுற்றி வெள்ளை நன்றாகத் தெரிவதால்தான் எதிரே இருப்பவர் எங்கே பார்க்கிறார் என்று சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறோம். கருவிழியை அழித்துவிட்டாலோ, முழுக் கண்ணையும் கறுப்பாக்கினாலோ, கூந்தலை இழுத்து மூடிவிட்டாலோ அந்தத் தகவல் போய்விடும். பார்ப்பது தெரிகிறது, யாரை என்பது தெரியவில்லை. என்னையோ என்று ஒரு கணம் தோன்றுமே, அந்தக் கணத்துக்காகத்தான் அத்தனை பேரும் கருவிழியை அழிக்கிறார்கள்.

அப்படியென்றால் உங்கள் போஸ்டரில் என்னதான் சிக்கல்? நான் எப்போதும் கையில் எடுக்கிற அளவுகோல் தொல்காப்பியத்தில் இருக்கிறது. உணர்ச்சிகள் வெளிப்படுவதைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கிற இடம் நான்கு என்று வரும். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. எந்த நாட்டுத் திகில் படமாக இருந்தாலும் இந்த நான்கில் ஒன்றிலோ இரண்டிலோ அடங்கிவிடுகிறது, பேய், பிராணி, வீடு புகுந்து கொல்கிறவன், அப்புறம் நம்மை ஆளுகிற கை: மருத்துவமனை, மதக்குழு, ஊர்த்தலைவர் என்று எதுவாகவும் அது இருக்கலாம். இந்த நான்கு பயத்துக்கும் ஒரே மாதிரி போஸ்டர் போட முடியாது, அதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

விலங்கைக் காட்டலாம். காட்டத்தான் வேண்டும். 1975இல் வந்த 'ஜாஸ்' போஸ்டரை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ரோஜர் கேஸ்டல் வரைந்தது, முதலில் நாவலின் மலிவுப் பதிப்பு அட்டைக்காக வரைந்து பிறகு படத்துக்கு வந்தது. சுறா செங்குத்தாக மேலே வருகிறது, பெண் படுக்கைவாட்டில் நீந்துகிறாள், அவளோடு ஒப்பிட்டால் சுறா நம்ப முடியாத பெரிசு. ஆனால் இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் தண்ணீர் விட்டு வைத்திருக்கிறார் பாருங்கள், பயமெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும், சொல்லவும் முடியாது. ஒரு பல் அவள் காலில் பட்டிருந்தால்கூட அது வெறும் விபத்துப் படமாகியிருக்கும். கள்வனுக்கு முகமூடி போதும், கத்தி போதும், ஜன்னலுக்கு வெளியே ஒரு உருவம் போதும். இறைக்கு நேர்க்கோட்டில் நிற்கிற ஆட்களும் சிரித்த முகங்களும் போதும். இவற்றை ரொம்ப விரிக்கப்போவதில்லை.

அணங்கு கதையே வேறு. அதற்கு உருவம் கொடுத்த மறுகணம் அது மேக்கப் போட்ட ஒரு நடிகை ஆகிவிடுகிறது, நாமும் மேக்கப் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று மார்க் போட ஆரம்பித்துவிடுகிறோம். 1973இல் 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்துக்கு பில் கோல்ட் செய்த போஸ்டரைத் திரும்பப் பாருங்கள். படத்தில் பேய் பிடித்த சிறுமிக்குச் செய்த ஒப்பனை அத்தனை கொடூரமானது, எளிதாக அதையே போட்டிருக்கலாம். போஸ்டரில் அவள் இல்லை. தொப்பியும் கைப்பெட்டியுமாக ஒரு ஆள் தெருவிளக்கடியில் நிற்கிறார், நமக்குக் கறுப்பு வடிவம் மட்டும் தெரிகிறது. மாடி ஜன்னலிலிருந்து வெளிச்சம் சாய்ந்து அவர் மேல் விழுகிறது. பகல் வானத்தின் கீழே இரவுத் தெருவை வைத்து மக்ரீத் என்ற பெல்ஜிய ஓவியர் வரைந்த ஓவிய வரிசை ஒன்று உண்டு, இயக்குநர் ஃபிரைட்கின் இந்தக் காட்சிக்கு அதிலிருந்துதான் உந்துதல் எடுத்தார். நாம் சின்ன வயசிலிருந்து பழகியது இருட்டென்றால் பயம், வெளிச்சமென்றால் வீடு. இங்கே அவர் நிற்கிற இருட்டு பத்திரமானது, போக வேண்டிய வெளிச்சம்தான் ஆபத்து. பேய் எங்கே என்று யாரும் கேட்கத் தேவையில்லை, அந்த ஜன்னல் சொல்லிவிடுகிறது.

உங்கள் கதை அணங்கு. போஸ்டரை விலங்குக்குப் போடுகிற மாதிரி போட்டுவிட்டீர்கள். பையன் அவளைப் பார்த்தும்விட்டான், 'ஜாஸ்' நீச்சல்காரிக்கு இருந்த அந்த அறியாமைகூட அவனுக்கு மிச்சமில்லை. பார்க்கிறவர் யோசிக்க ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. எல்லாப் படத்துக்கும் ஒட்டும் என்று அவருக்குத் தோன்றியது இதனால்தான், உங்கள் கதையில் மட்டும் இருக்கிற அந்த வாசிக்கும் குரல் போஸ்டரில் எங்கேயும் இல்லை.

சரி, ட்ரெய்லருக்கு வருகிறேன். தூக்கிவாரிப் போடுவதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு துள்ளுவது மூளைத்தண்டு வழியாகவே நடந்துமுடிகிற அனிச்சைச் செயல். நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் இமை மூடத் தொடங்கிவிடும், அது ட்ரெய்லர்தான் என்ற யோசனை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஏற்கெனவே பயந்துபோய் இருக்கும்போது இதே துள்ளல் இன்னும் பலமாக வரும் என்பதும் நிரூபிக்கப்பட்ட விஷயம், அதனால்தான் டமாருக்கு முன்னால் அந்த அமைதியை வைக்கிறார்கள். நான் ஒன்று செய்து பார்ப்பதுண்டு. ஒரு ட்ரெய்லரை முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன், அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்பேன். ஒலியில்லாமல் பார்க்கும்போது முக்கால்வாசி ட்ரெய்லர்கள் குடும்பக் கதை மாதிரி இருக்கின்றன, காரில் வந்து இறங்குகிறார்கள், பெட்டி தூக்குகிறார்கள், குழந்தை சுவரோடு பேசுகிறது. ஒலியை மட்டும் கேட்கும்போதோ அறையை விட்டு எழுந்து போய்விடலாமா என்றிருக்கும். அந்தச் சத்தங்களில் ஒன்று அடிக்கடி வரும், உலோகம் அழுகிற மாதிரி. வாட்டர்போன் என்ற கருவி. அடியில் தண்ணீர் ஊற்றிய ஒரு உலோகக் கிண்ணம், அதன் விளிம்பைச் சுற்றி வெவ்வேறு உயரத்தில் கம்பிகள், வயலின் வில்லால் கம்பியை உரசிக்கொண்டே கிண்ணத்தைச் சாய்த்தால் தண்ணீர் நகர நகர ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போகும். நிலையாக நிற்காத அந்த ஸ்வரம்தான் வயிற்றைப் பிசைகிறது.

அலறலுக்கும் இதேபோல் ஒரு கணக்கு உண்டு. மார்மட் என்கிற அணில் இனப் பிராணியின் குட்டிகள் மாட்டிக்கொண்டால் கத்துகிற கத்தலை டேனியல் புளும்ஸ்டீன் என்ற உயிரியலாளர் ஆராய்ந்துகொண்டிருந்தார். குரல்வளை தாங்காத அளவுக்குக் கத்தும்போது குரல் உடைந்து கரகரக்கும், கேட்கிற பிராணிகளுக்கு அதை அலட்சியம் செய்வது கஷ்டம். 2010இல் அவரும் உடன் இருந்தவர்களும் சினிமா ஒலித்தடங்களில் இதே உடைந்த கரகரப்பைத் தேடிப்போனார்கள், திகில் படங்களின் அலறல்களில் அது கிடைத்தது. ஒலிக்கலைஞர்கள் காதை நம்பியே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஆனால் சத்தத்தை மட்டும் நம்பிய ட்ரெய்லர் உடம்பை உலுக்கும், மனதில் தங்காது. தங்கியது எது என்று கேட்டால் 1980இல் வந்த 'தி ஷைனிங்' படத்தின் ட்ரெய்லரைச் சொல்வேன். நகராத கேமரா, இரண்டு லிப்ட் கதவுகள், கீழிருந்து மேலே போகிற பெயர்கள். ஆள் ஒருவர்கூட இல்லை. கதவு லேசாகத் திறக்க, ரத்தம் அலையாகப் புரண்டு வந்து நாற்காலிகளை மிதக்கவிட்டு கேமராவையே மூடிவிடுகிறது. கதை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. மூடிய கதவை அவ்வளவு நேரம் நம்மைப் பார்க்கவைத்த அந்தத் துணிச்சல்தான் எனக்குப் பிடித்தது.

இன்றைக்கு அந்தத் துணிச்சலுக்கு இடமில்லாமல் போய்க்கொண்டிருப்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. இணையத்தில் ட்ரெய்லர் தொடங்குவதற்கு முன்னால் ஐந்து நொடிக்கு அந்த ட்ரெய்லரையே துண்டு துண்டாக வெட்டிக் காட்டுகிறார்கள், பார்க்கிறவர் தள்ளிவிட்டுப் போய்விடக்கூடாதாம். சண்டைப் படத்துக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. திகில் படத்துக்கோ இதைவிடக் கேடு வேறில்லை, ஒன்றரை நிமிடம் பொறுமையாகக் கட்டிக் கடைசியில் வைக்க வேண்டிய முகத்தை முதல் நொடியிலேயே போட்டு உடைத்துவிட்டு அப்புறம் ஒன்றும் தெரியாத மாதிரி காரில் வந்து இறங்குகிறார்கள். உங்கள் ட்ரெய்லரும் அலறலோடுதான் ஆரம்பிக்கிறது. உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

போஸ்டருக்கு என் யோசனை இது. மேல் படியில் நிற்கிற பெண்ணை எடுத்துவிடுங்கள், படிக்கட்டையும் அந்தக் கைப்பிடி நிழலையும் தொடாதீர்கள். பையன் நிற்க வேண்டாம், கீழ்ப் படியில் நமக்கு முகம் காட்டி உட்காரட்டும், மாடி அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், புத்தகம் மடியில் விரிந்திருக்கட்டும். அவன் வாய் மூடியிருக்க வேண்டும், இது முக்கியம். விரல் ஒரு வரியின் மேல் நின்றுபோயிருக்கிறது, கண் புத்தகத்தில் இல்லை, கொஞ்சம் பக்கவாட்டில், காது கொடுக்கிறவர்கள் பார்ப்பது போல. மேலே அறைக் கதவின் அடியில் மெல்லிய கோடாக வெளிச்சம். ரத்தம் சொட்டுகிற எழுத்துக்குப் பதில் பாடப்புத்தகத்தில் வருகிற சாதாரண அச்செழுத்து போதும், வேண்டுமானால் அதைச் சிவப்பாக்குங்கள். போனில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், அந்த வெளிச்சக் கோடு மறைந்துபோனால் கொஞ்சம் தடிமனாக்குங்கள், இப்போது பாதிப் பேர் அந்த அளவில்தான் பார்க்கப்போகிறார்கள்.

ட்ரெய்லர் ஒன்றே முக்கால் நிமிடம் வேண்டாம், நாற்பது நொடி போதும். இசை வேண்டாம். பையன் படிக்கிறான், மேலிருந்து குரல் கூடவே படிக்கிறது. முதலில் நமக்கு எதிரொலி மாதிரிதான் கேட்க வேண்டும். அவன் பக்கத்தைத் திருப்புவதற்காக ஒரு கணம் நிறுத்துகிறான். அவன் இன்னும் திருப்பாத பக்கத்தின் முதல் வரியை அந்தக் குரல் படிக்கிறது. திரையை இருட்டாக்கித் தலைப்பைப் போடுங்கள். தலைப்புக்கு அப்புறம் எதுவும் வைக்காதீர்கள்.