பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கு அன்றாடக் கணினிப் பயன்பாட்டை எங்கிருந்து சொல்லித்தர ஆரம்பிப்பது?

கேட்டவர் அநேகமாகக் கணினி ஆசிரியர். ஒருவனுக்குப் பார்வை குறைவு, ஒருவனுக்குக் கை ஒத்துழைக்காது, ஒருத்தி வாசிக்கவே திணறுகிறாள். எல்லாரும் ஒரே லேபில், வாரத்துக்கு இரண்டு பீரியடு. சரியா? எனக்கும் அப்படித்தான். நான் சிறப்புக் கல்வி படித்தவள் இல்லை. உதவி பெறும் பள்ளி ஒன்றில் பதினொரு வருடமாகக் கணினிப் பாடம் எடுக்கிறேன். முறையாகப் படித்தவர்கள் திருத்தினால் கேட்டுக்கொள்கிறேன், சண்டைக்கு வராதீர்கள்.

நான் ஆரம்பித்த இடம் தப்பு. அதைச் சொன்னாலே பாதிப் பதில் வந்துவிடும்.

பெருமூளை வாதம் உள்ள பையன் ஒருவன் பிளஸ் ஒன்னில் வந்து சேர்ந்தான். வலது கை மட்டும்தான் ஓரளவு சொன்னபடி கேட்கும். மற்ற பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் அவனுக்கும் மவுஸ், கிளிக், டபுள் கிளிக் என்று தொடங்கினேன். முதல் கிளிக்குக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் அவன் கை நகர்ந்துவிடும். கணினி அதை இழுவை என்று எடுத்துக்கொண்டு ஐகானை வேறு மூலைக்குக் கொண்டுபோகும். மெதுவாக அழுத்தினால் போல்டர் திறக்காமல் பெயரை மாற்றச் சொல்லி நிற்கும். மூன்று வாரம் இதே பயிற்சி. "முயற்சி பண்ணுடா, வரும்" என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து சிஸ்டத்தில் இருந்த பெண், அவளுக்குப் பார்வை இல்லை, ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அம்புக்குறில அங்க போய் என்டர் தட்டேன்டா, நான் மவுஸே தொடுறதில்ல" என்றாள். தட்டினான். திறந்தது. என் பதினொரு வருட சர்வீஸ் அந்த ஒரு என்டரில் காலி.

அன்றுதான் அவனிடம், "உனக்குக் கம்ப்யூட்டர்ல என்னடா செய்யணும்?" என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். "என் ரிசல்ட்ட நானே பாக்கணும் மிஸ்." பத்தாம் வகுப்பு முடிவை அவன் அண்ணன் பிரவுசிங் சென்டரில் பார்த்து, வீட்டுக்கு வருவதற்குள் தெருவுக்கே சொல்லிவிட்டானாம். இவனுக்குக் கடைசியில்தான் தெரிந்தது. முடிவைப் பார்க்கப் பதிவெண், டேப், பிறந்த தேதி, என்டர், அவ்வளவுதான். டபுள் கிளிக்குக்கு அதில் வேலையே இல்லை.

அடுத்து மின்னஞ்சல். @ அடிக்க ஷிஃப்டும் 2-ம் சேர்ந்தாற்போல் அழுத்த வேண்டும். ஒற்றைக் கைக்காரன் என்ன செய்வான்? அதற்காகத்தான் விண்டோஸில் ஸ்டிக்கி கீஸ் இருக்கிறது. ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் கேட்கும், ஆமாம் என்றால், ஒரு விசையை விட்டுவிட்டு அடுத்ததை அழுத்தலாம். பையன்கள் கேம் ஆடும்போது அந்தப் பெட்டி வந்து தொல்லை கொடுக்கிறது என்று எல்லாச் சிஸ்டத்திலும் அதை அணைத்து வைத்திருந்தது யார் தெரியுமா? நான்தான்.

"அடிப்படை தெரியாமல் குறுக்குவழி சொல்லித்தரலாமா" என்று யாராவது வருவார்கள். மவுஸ் அடிப்படை இல்லை ஐயா. வேலை நடப்பதுதான் அடிப்படை. ஒரே கிளிக்கில் போல்டர் திறக்க ஒரு செட்டிங் உண்டு, டபுள் கிளிக் வேகத்தைக் குறைக்க ஒன்று, திரையைப் பெரிதாக்க விண்டோஸ் விசையும் பிளஸும். பிள்ளையை மாற்றுவதற்கு முன் மெஷினை மாற்றிப் பாருங்கள்.

ஆட்டிசம் உள்ள ஒரு மாணவனுக்கு ஒவ்வொரு படிக்கும் படம் ஒட்டிய அட்டைகள் செய்து கொடுத்தேன், அழகாகப் போனது. லேபில் விண்டோஸ் 11 வந்ததும் ஸ்டார்ட் பட்டன் இடது மூலையிலிருந்து நடுவுக்கு வந்துவிட்டது. அன்று முழுக்க அவன் நாற்காலியில் உட்காரவே இல்லை. டாஸ்க்பார் செட்டிங்கில் இடதுபக்கம் என்று மாற்றலாம் என எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

ஓடிபி பாடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஸ்டாஃப் ரூமிலிருந்து போன் செய்து, "வங்கி மேனேஜர் பேசுறேன், நம்பர் சொல்லு" என்று நடித்தேன். அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பெண் உடனே சொல்லிவிட்டாள். ஏன் என்றால், "உங்க குரல்னு தெரிஞ்சுச்சு. மிஸ் கேட்டா சொல்லணும்ல?" பன்னிரண்டு வருடம் சொன்னதைக் கேள் என்றே வளர்த்திருக்கிறோம். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் எனக்கே மாட்டேன் சொல்லும் பயிற்சி. யுபிஐயில் பணம் வாங்கப் பின் நம்பர் தேவையில்லை, அனுப்பத்தான் தேவை என்பதை வாய்ப்பாடுபோல் சொல்ல வைத்தேன். இப்போது நோட்டு எங்கே என்று கேட்டாலும், "சொல்ல மாட்டேன் மிஸ்" என்கிறாள்.

கேட்காத ஒன்றையும் கொட்டிவிடுகிறேன். பார்வையில்லாத அந்தப் பெண் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை வைத்துப் படிக்கிறாள். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் இருந்தால் தமிழை அது கடகடவென வாசிக்கும். ஆனால் எங்களுக்கு வரும் வினாத்தாளும் குறிப்புகளும் இன்னும் பாமினி எழுத்துருவில் வருகின்றன. ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் வடிவம் போர்த்திய பழைய எழுத்துரு அது. அதில் "அம்மா" என்பது கண்ணுக்குத்தான் அம்மா. எழுத்தெழுத்தாக வாசிக்கவிட்டால் எம், கே, செமிகோலன், கே, எச். 2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று அரசாணை போட்டாகிவிட்டது. அனுப்புகிறவரிடம் கேட்டால், "பிரிண்ட்ல நல்லாத்தானே மேடம் தெரியுது" என்கிறார். அவளுக்கு எந்தப் பிரிண்ட் தெரியும்? பாமினியை யூனிகோடாக மாற்றும் மென்பொருள் இருக்கிறது, ஆனால் கணக்குக் குறியீடுகள் நடுவில் வந்தால் உடைந்துவிடும். ஆகவே இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து நானே திரும்பத் தட்டச்சு செய்கிறேன். இந்தப் பதிலையும் அப்படி ஒரு வினாத்தாளுக்கு நடுவில்தான் எழுதினேன், இன்னும் நான்கு பக்கம் பாக்கி.